லிட்டருக்கு நாற்பது

அக்டோபர் 9

ஊருக்கெல்லாம் இன்று விடுமுறை. எங்கள் கம்பெனிக்கு மட்டும் தனி நாள்காட்டி, அதனால் வேலைக்குப் போனேன். கிளம்பும்போது இசாவோ தோட்டத்தில் ஏணி மேல் நின்றுகொண்டு, "ஊரே வீட்ல இருக்கு, என் பொண்டாட்டி மட்டும் ஊரக் காப்பாத்தப் போறா" என்றான். இந்த வருஷம் பெர்சிமன் பழக் காய்ப்பு நன்றாக இருப்பதால் அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

புது ஹைபிரிட் காரின் மாதிரி வண்டியை மூன்றாவது தடவையாக அளந்தோம். லிட்டருக்கு 38.4 கிலோமீட்டர். முதல் இரண்டு தடவையும் இதேதான் வந்தது. இப்போது விற்கிற வண்டி 34. எஞ்சின், டயர், பாட்டரி, உடம்பு எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுப் புதிதாகக் கட்டி, நாலுக்கு மேல் ஏற்றியிருக்கிறோம். மைலேஜ் பிரிவின் தலைவி நான். தெருவில் இறங்கி ஆடியிருக்க வேண்டும். ஆனால் இலக்கு நாற்பது. வண்டிக்கு மொத்தப் பொறுப்பாளர் நிவா-சான் எண்ணைப் பார்த்துவிட்டு "ஹ்ம்ம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் 'ஹ்ம்ம்' என்றால் ஒரு வாரத்துக்கு எனக்குச் சோறு இறங்காது.

அக்டோபர் 12

நிவா-சான் மேஜைப் பக்கம் வந்து நின்றார். தேநீர் எப்படி, தோட்டம் எப்படி, எல்லாம் கேட்டுவிட்டு, "ஒவ்வொரு பிரிவும் கொஞ்சம் சிறுவாடு வெச்சிருப்பாங்க இல்லையா, கடைசி நேரத்துல வெளிய வரும்" என்றார்.

அது உண்மைதான். எங்கள் ஊரில் எந்தப் பொறியாளரும் தன்னால் முடிந்ததை முழுதாகச் சொல்லமாட்டான். ஒன்று முடியும் என்றால் அரை என்பான். மீதியை மடியில் முடிந்து வைத்துக்கொள்வான். மேலே இருப்பவர்களுக்கும் அது தெரியும், அதனால் கேட்கும்போதே கூட்டிக் கேட்பார்கள். அப்படிக் கூட்டி வந்ததுதான் இந்த நாற்பது. இந்தத் தடவை மடியில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அக்டோபர் 26

தோக்கியோ கார் கண்காட்சி. சாப்பாட்டுக் கூடத்து டிவியில் எல்லோரும் பார்த்தோம். நிர்வாக இயக்குநர் ஒகிட்சு-சான் மேடையில் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, சிரித்த முகமாக, "லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டர் எதிர்பார்க்கிறோம்" என்றார். கைதட்டல். டயர் பிரிவு ஓபுச்சி எனக்கு எதிரே உட்கார்ந்து கறி ஊதோன் தின்றுகொண்டிருந்தான். அவனும் நானும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள். நூடுல்ஸ் வாய்க்கும் கிண்ணத்துக்கும் நடுவில் தொங்க அப்படியே நின்றுவிட்டான்.

"சொல்லிட்டாரு" என்றான்.

"சொல்லிட்டாரு."

"நீ அவர்கிட்ட 38.4 சொல்லலையா?"

"நான் நிவா-சான்கிட்ட சொன்னேன்."

"அவரு?"

"ஹ்ம்ம்னாரு."

ஓபுச்சி மிச்சத்தைத் தின்னாமல் எழுந்து போனான். அவன் கிண்ணத்தில் மிச்சம் வைத்து நான் பார்த்ததே இல்லை.

அக்டோபர் 27

பத்திரிகைகள் எல்லாவற்றிலும் 'நாற்பது'. 'எதிர்பார்க்கிறோம்' என்ற வார்த்தை ஒன்றில்கூட இல்லை.

நவம்பர் 11

அறுவடை. காலையிலிருந்து கூடை சுமந்து இடுப்பு விட்டுப்போயிற்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் இசாவோவிடம் விஷயத்தைச் சொன்னேன். எப்படி அளப்பீர்கள் என்று கேட்டான். வண்டியை வேகமெடுக்கவிட்டு, நியூட்ரலில் போட்டு, நேர்ப்பாதையில் தானாக உருளவிடுவோம். எவ்வளவு சீக்கிரம் வேகம் குறைகிறதோ அவ்வளவு இழுவை. அப்படிப் பத்து ஓட்டம். பத்தின் சராசரியை அரசாங்கப் பரிசோதனைக்குக் கொடுப்போம். அவர்கள் அந்த இழுவையைத் தங்கள் சோதனைக் கூடத்து உருளைக்கு ஏற்றி, அதன் மேல் வண்டியை ஓட்டி மைலேஜ் சொல்வார்கள். இழுவையை அளப்பது நாங்கள். நாங்கள் கொடுக்கிற எண்ணைத்தான் அவர்கள் நம்பியாக வேண்டும்.

"அப்போ வண்டிய சும்மா உருளவிட்டுட்டு சம்பளம் வாங்குறீங்க."

"நீ சும்மா பழுக்கவிட்டுட்டு வாங்கலையா?"

சிரித்தான். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "இழுவையக் கொறச்சுச் சொன்னா?" என்றான்.

அந்தக் கேள்வி ஏற்கெனவே என் தலைக்குள் இருந்தது. அவன் வாயிலிருந்து வந்ததும் கோபம் வந்தது. பழத்தை ஏன் கூடையில் வீசுகிறாய், மெதுவாக வை என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன்.

நவம்பர் 30

ஒவ்வொரு பிரிவும் இன்று 'எங்கள் பங்கு வந்துவிட்டது' என்று கணக்குக் கொடுத்துவிட்டது. கூட்டினால் நாற்பது. வண்டியை ஓட்டினால் 38.4. மீதி எங்கே போகிறது?

டிசம்பர் 6

மலைமேல் சோதனை ஓடுபாதை. கை விறைக்கிற குளிர். குசகாபேதான் அளந்தான். என் பிரிவில் எனக்கு அடுத்தவன். நாற்பது வயது நெருங்குகிறது, நல்ல வேலைக்காரன், வாயில்லாப் பூச்சி. போன மாதம்தான் புது வீட்டுக்குக் குடிபோனான். எங்கள் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு: வீடு கட்டியவனை எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம், கடன் கழுத்தில் இருப்பதால் அவன் போகமாட்டேன் என்று சொல்லமாட்டான். அதைச் சொல்லி ஓபுச்சி அவனைச் சீண்டுவான்; அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பான்.

பத்து ஓட்டமும் முடிந்தபோது நிவா-சான் போன் செய்தார்.

"காத்து இருந்ததா?"

"கொஞ்சம் இருந்தது. அனுமதிச்ச அளவுக்குள்ளதான்."

"அப்படியா. காத்து பொல்லாதது." அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம். "புது மனசோட இன்னொரு தடவை பாருங்களேன், தோகிவா-சான்."

புது மனசு! என் மனசை எங்கே கொண்டுபோய் மாற்றுவது? குசகாபே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவன் எல்லாவற்றையும் கேட்டான்.

டிசம்பர் 8

காலையில் மேஜைமேல் ஒரு தாள். இழுவைக் கணக்கு, அச்சடித்து, சுத்தமாக. மைலேஜ் 39.9. மேலே பென்சிலில் 'பார்வைக்கு' என்று எழுதியிருந்தது.

பத்து ஓட்டத்தில் நாலைக் காணோம். காற்றுக்கு எதிராக ஓடியவை. மீதி ஆறின் சராசரி.

குசகாபேயைக் கூப்பிட்டுக் கதவை மூடினேன். "யார் இதப் பண்ணச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"நிவா-சான் சொன்னாரா?"

"இல்ல. அவரு ஒண்ணும் சொல்லல."

"நான் சொன்னேனா?"

"இல்லீங்க. நீங்க சொல்லவேண்டிய நெலமைக்கு வந்துடக் கூடாதுன்னுதான்... கேக்குறதுக்கு முன்னாடியே செஞ்சு வெச்சிட்டேன்."

அவன் முகத்தில் கள்ளத்தனம் ஒரு பொட்டுகூட இல்லை. மழை வரும் என்று குடையை எடுத்து வைத்தவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எனக்கு என்ன வேண்டும் என்று அவனே யூகித்து, நான் வாய் திறக்கிற அவமானத்தைக்கூட எனக்குக் கொடுக்காமல், முடித்து வைத்திருக்கிறான். இதைத்தானே இருபது வருஷமாக நல்ல ஊழியன் என்று மெச்சுகிறோம்? நானே இவனுக்கு வருஷா வருஷம் 'சொல்லாமல் புரிந்துகொள்கிறான்' என்று மதிப்புரை எழுதியிருக்கிறேனே!

தாளைக் கிழிக்கவில்லை. பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் கிழிக்கவில்லை?

டிசம்பர் 9

பையில் இருக்கிறது. காலையிலிருந்து மூன்று தடவை எடுத்துப் பார்த்தாயிற்று.

கண்டுபிடிக்கமாட்டார்கள். உண்மையில் சாலையில் யாருக்கும் விளம்பர மைலேஜ் கிடைப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும். ஒன்றரை கிலோமீட்டர் குறைந்தால் தன் கால்தான் கனம் என்று நினைத்துக்கொள்வார்கள். யாருக்கு நஷ்டம்? — இப்படிக் கேட்கிறவள் யார்? நானா? கேக்குறதுக்கே வெக்கமா இல்லையா உனக்கு?

டிசம்பர் 11

தாளைக் குசகாபேயிடம் திருப்பிக் கொடுத்தேன். "பாக்கலன்னு சொல்லமாட்டேன். பாத்தேன். வேணாம்" என்றேன். "புரிஞ்சுது" என்று குனிந்தான். நான் திட்டியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வருத்தமாக இருந்திருக்காது. ஆசையாகக் கொண்டுவந்த பரிசைத் திருப்பிக் கொடுத்த மாதிரி முகம் சுண்டிப்போயிற்று.

டிசம்பர் 13

எங்கள் கம்பெனியில் கூட்டத்தில் எதுவும் முடிவாவதில்லை. கூட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவர் மேஜைக்கும் போய் மெல்லப் பேசி, சம்மதம் வாங்கி, அப்புறம்தான் கூட்டம். அங்கே தலையாட்டுவது மட்டும்தான் வேலை. சரி, அந்த வழியிலேயே போவோம் என்று கிளம்பினேன். 19-ம் தேதி ஒகிட்சு-சான் முன்னால் கூட்டம். அதற்குள் எல்லோரையும் 38.4-க்குச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

முதலில் ஓபுச்சி. "உன் பங்கு உண்மையில வந்துச்சா?" என்று நேரே கேட்டேன். மென்று விழுங்கினான். பிறகு சொன்னான். டயரில் அவனுக்கு 0.8 குறைந்தது. எஞ்சின் பிரிவு ஹாச்சிசுகா-சான் வராந்தாவில் அவனைப் பார்த்து, 'என் மடியில 0.8 இருக்கு, உங்க பேர்ல எழுதிக்கோங்க, யாருக்கும் தெரிய வேணாம்' என்று சொல்லியிருக்கிறார். அவன் முகம் கெடக் கூடாது என்று.

நல்ல மனுஷன். ஹாச்சிசுகாவிடம் போனேன்.

"கொடுத்தது வாஸ்தவம்."

"கொடுத்ததை உங்க கணக்குல கழிச்சீங்களா?"

"கழிச்சா, எங்கே போச்சுன்னு எங்க மேலதிகாரி கேப்பாரே. ஓபுச்சியக் காட்டிக்கொடுக்க முடியுமா?"

ஆக அந்த 0.8 இரண்டு இடத்திலும் இருக்கிறது! பாட்டரிக்காரர்களும் உடம்புப் பிரிவுக்காரர்களும் இதேமாதிரி இன்னொரு 0.8 பரிமாறிக்கொண்டிருக்கிறார்கள். வருஷக் கடைசியில் வீட்டுக்கு வீடு கைமாறுகிற பரிசுப் பெட்டி மாதிரி. பெட்டி ஒன்றுதான், வாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருத்தனும் திருடவில்லை, ஒருத்தனும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். ஒன்று புள்ளி ஆறு கிலோமீட்டர் மரியாதை. அதை மேடையேறி உலகத்துக்கே அறிவித்தாயிற்று.

வராந்தாவில் நின்று சிரித்துவிட்டேன். யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

ஓபுச்சி, ஹாச்சிசுகா, இன்னும் இரண்டு பேர் — நாலு பேரும் கூட்டத்தில் ஒப்புக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஓபுச்சி "கண்டிப்பா" என்றான்.

டிசம்பர் 14

நிவா-சானிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் ஜன்னல் பக்கம் பார்த்து, "உங்க வீட்டுக்காரருக்குத் தோட்டம் இருக்கு இல்லையா" என்றார்.

"இருக்கு."

"மரத்த வெச்சிருக்கறவங்க ஊர விட்டு நகர முடியாது. பாவம், தனியா இருக்க வேண்டி வந்தா ரொம்பக் கஷ்டம்."

அவ்வளவுதான். குரலில் உண்மையான பரிவு. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கழிப்பறைக்குப் போய்க் கை கழுவும்போதுதான் அவர் பேசியது மாற்றலைப் பற்றி என்று உறைத்தது. எனக்குப் பயமா இருக்கு. இங்கேயாவது எழுதி வைக்கிறேன். பயமா இருக்கு.

டிசம்பர் 15

இசாவோவிடம் சொன்னேன். "எங்கே மாத்துவாங்க?" என்றான். தெரியாது என்றேன். "நீ சொல்லாம இருந்தா?" "மாத்தமாட்டாங்க." தட்டிலிருந்த சிக்குவா மீன் பண்டத்தைப் பாதி கடித்து வைத்துவிட்டு வெளியே போய், தேவையில்லாத கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அவன் ஒரு பதில் சொல்லியிருக்கலாம். சொல்லாதே என்றாவது, சொல் என்றாவது.

டிசம்பர் 19

கூட்டம். ஒகிட்சு-சான் நடுவில். "அப்போ நாற்பது, இல்லையா?" என்று சாதாரணமாகக் கேட்டார். யாரும் பேசவில்லை. வழக்கப்படி மௌனம் என்றால் சம்மதம்.

நான் எழுந்தேன். "38.4" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. இரண்டு இடத்தில் ஒரே எண்ணைக் கூட்டியிருக்கிறோம், தவறு எங்கள் எல்லோருடையதும், பத்து ஓட்டத்தையும் சேர்த்தால் இதுதான் வண்டியின் மைலேஜ், இதுவே நல்ல மைலேஜ் — எல்லாம் சொன்னேன்.

"மத்தவங்க என்ன நெனைக்கிறீங்க?" என்றார் ஒகிட்சு-சான்.

ஓபுச்சியைப் பார்த்தேன். அவன் மேஜையைப் பார்த்தான். ஹாச்சிசுகா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குசகாபே தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூனைக்கு மணி கட்டப் போனவள் நான் ஒருத்தி. கூட வந்த எலிகள் எல்லாம் வளைக்குள்.

"சரி. புது வருஷத்துல மறுபடி யோசிப்போம்" என்றார் ஒகிட்சு-சான். யோசிக்கப்போவது எண்ணைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி என்று அறையில் எல்லோருக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் ஓபுச்சி, "மன்னிச்சிரு, வாய் வரல" என்றான். "உனக்கு வாய் திங்கறதுக்கு மட்டும்தான் திறக்கும்" என்றேன். சொன்ன பிறகும் மனசு ஆறவில்லை.

ஜனவரி 3

கோயிலில் வருஷ ஆரம்பக் கூட்டம். வருஷ பலன் சீட்டு எடுத்தேன். 'பயணம்: தாமதமின்றி நடக்கும்.' நாசமாய்ப் போக.

பிப்ரவரி 20

அரசாங்கப் பரிசோதனைக்கு இழுவைக் கணக்கைக் கொடுக்க வேண்டிய தேதி ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. காரணம் சொல்லவில்லை. ஏப்ரல் ஒன்றாம் தேதிதான் வருஷா வருஷம் ஆட்களை மாற்றுவார்கள். காரணம் எனக்குத் தெரியும்.

மார்ச் 5

நிவா-சான் கூப்பிட்டார். ஏப்ரலிலிருந்து எனக்கு வடக்கே மொரியோகா விற்பனைப் பயிற்சி மையம். ரயிலில் அரை நாள் தூரம். "அங்கே உங்க அனுபவம் ரொம்பத் தேவைப்படுது" என்றார். என் இடத்துக்கு யார் என்று கேட்டேன்.

குசகாபே.

வேறு யாரை வைப்பார்கள்? புது வீடு, வாயில்லாப் பூச்சி, சொல்லாமலே புரிந்துகொள்கிறவன்.

இசாவோவிடம் சொன்னபோது, "நீ அன்னிக்கு எழுந்து சொல்லாம இருந்திருந்தா, நான்தான் உன்ன வேற ஊருக்கு அனுப்பியிருப்பேன்" என்றான். டிசம்பரில் சொல்லியிருக்கக் கூடாதா இதை! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அழத்தான் செய்தேன்.

மார்ச் 26

குசகாபேயிடம் வேலையை ஒப்படைத்தேன். எல்லாம் முடித்து, கடைசியில், "பத்து ஓட்டமும் இதுல இருக்கு. வாயத் திறந்து சொல்றேன், குசகாபே. பத்தும். நாளைக்கு நான் சொல்லலன்னு நெனச்சுக்கக் கூடாது" என்றேன்.

"புரிஞ்சுது" என்று குனிந்தான்.

தாளைத் திருப்பிக் கொடுத்தபோதும் இதையேதான் சொன்னான். நிவா-சானிடமும் இதையேதான் சொல்வான்.

ஏப்ரல் 7

மொரியோகா. ஒற்றை அறை. இங்கே இன்னும் குளிர். பக்கத்துக் கடையில் குளிர் நூடுல்ஸைக் குளிரிலேயே தின்கிறார்கள். பேச்சுத் துணைக்கு ஆளில்லை.

ஏப்ரல் 19

இந்த வாரம் கணக்கு அரசாங்கத்துக்குப் போயிருக்கும். ஓபுச்சியிடம் கேட்கலாம். கேட்கவில்லை. குசகாபே போன் செய்யவில்லை. செய்யாததற்கு ஒரு அர்த்தம்தான் எனக்குத் தோன்றுகிறது.

இசாவோ தினமும் பேசுகிறான். மொட்டு விட்டிருக்கிறதாம். அதைக் கேட்கும்போது மட்டும் கொஞ்சம் மூச்சு வருகிறது.

மே 16

தலைமையகத்திலிருந்து புது வண்டியின் விளம்பரப் புத்தகங்கள் வந்தன. பத்துப் பெட்டி. வடக்குப் பக்கத்து விற்பனையாளர்கள் எல்லோரும் பயிற்சி அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் கிடங்கில் கத்தியோடு நின்றேன். பெட்டியைப் பிரிக்கப் பிடிக்கவில்லை. நாற்பது என்று போட்டிருந்தால் அந்த அறைக்குப் போய் நாற்பது என்று நான்தான் சொல்லித்தர வேண்டும். அதற்காகத்தான் என்னை இங்கே அனுப்பினார்களோ? பிரித்தேன்.

38.4.

பக்கத்தைத் திருப்பினேன். அங்கும் 38.4. இன்னொரு பெட்டியைப் பிரித்தேன். அதே எண். பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பத்தரை மணிக்கு அறையில் ரகளை. அகிதா கிளைக்காரர் ஒருவர் புத்தகத்தைத் தட்டி, "நாற்பதுன்னு சொல்லித்தானே முன்பதிவு வாங்கினோம், இப்போ எந்த மொகத்த வெச்சுக்கிட்டுப் போறது? உங்க ஆளுங்களுக்குக் கூட்டத் தெரியாதா?" என்றார். "தெரியல. கூட்டினதுலதான் தப்பு" என்றேன். இன்னும் கோபம் வந்துவிட்டது அவருக்கு. ஒவ்வொருவராகத் திட்டினார்கள். குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டேன். மனசுக்குள் இவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

இடைவேளையில் குசகாபேக்குப் போன் போட்டேன்.

"புத்தகம் வந்துச்சுங்களா?" என்றான்.

"வந்துச்சு. என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. நிவா-சான் தினமும் வந்து என் மேஜை பக்கத்துல நின்னாரு. காத்தப் பத்திச் சொல்லுவாரு. புது வீடு எப்படின்னு கேப்பாரு. வேற ஒண்ணும் சொல்லல."

"நீ?"

"நானும் ஒண்ணும் புரிஞ்சுக்கல."

பின்னால் அவன் பிள்ளைகள் சத்தம் கேட்டது. வேலை நாளில் இந்நேரம் வீட்டில் என்ன செய்கிறாய் என்று கேட்டேன். அடுத்த மாதம் தெற்குக் கோடியில் க்யூஷூவுக்கு மாற்றல், பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன் என்றான். அவனிடம் மொரியோகாவில் நூடுல்ஸ் நன்றாக இருக்கும், ஒரு தடவை வா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அறையில் இன்னும் எட்டுப் பேர் திட்டுவதற்குக் காத்திருந்தார்கள்.